ஒற்றைப் பாயிண்ட் வேலையின் விலை

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.  

பிறரிடம் ஒயர்மேனாக இருந்தவன் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து அடைந்த சந்தோஷம், ஓயாமல் அலைந்தும் முன்பு வாங்கிய கூலி அளவுக்குக்கூடக் கையில் மிஞ்சவில்லை என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்ததும் கவலையாக மாறிற்று. நீ அனுப்பிய எஸ்டிமேட் பிரதிகளைப் பார்த்தபோது காரணம் விளங்கிவிட்டது. புது வீட்டுக்கு உரிய பாயிண்ட் ரேட்டையே, பழைய வீட்டில் ஒரு பிளக், ஒரு ஃபேன், ஒரு ஏ.சி. என்று வருகிற சில்லறை வேலைகளுக்கும் அப்படியே போட்டிருக்கிறாய். நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

பாயிண்ட் கணக்கு நம் தொழிலில் நியாயமான சம்பிரதாயமே. ஆனால் அது எதனால் நியாயமாகிறது என்பதை நீ யோசிக்க வேண்டும். நூறு பாயிண்ட் உள்ள ஒரு புது வீட்டில், கான்கிரீட் போடுமுன் ஸ்லாபில் பைப் பதிப்பதும், பூச்சுக்கு முன் சுவரில் காடி வெட்டிப் பாக்ஸ் வைப்பதும், பிறகு ஒயர் இழுப்பதும், வர்ணம் அடித்தபின் சுவிட்சும் விளக்கும் மாட்டுவதுமாக வேலை கட்டம் கட்டமாக நடக்கிறபடியால், சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்ட சுலபமான பிளக் பாயிண்டானது, மாடிப்படியின் மேலும் கீழும் ஒயர் ஓடவேண்டிய டூ-வே பாயிண்டின் சிரமத்தைச் சரிக்கட்டிவிடும். போக்குவரத்துச் செலவும் நூறாகப் பங்கிடப்பட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சராசரி என்று ஒன்று இருப்பதால்தான் அங்கே ஒரே ரேட் செல்லுபடியாகிறது. ஒரே ஒரு பாயிண்டுக்குச் சராசரி ஏது?

உன் எஸ்டிமேட்டில் உள்ள ஏ.சி. பாயிண்டையே எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தைப் பங்கிடும் டிபி பெட்டி முன்கூடத்தில் இருக்கிறது. படுக்கையறைக்குப் பைப் போகும் வழி 12 மீட்டர். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்குமாக 36 மீட்டர், இரு முனைகளிலும் விடவேண்டிய நீளத்தையும் சேர்த்து 40 மீட்டர் ஒயர் தேவை. 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு காயில் என்பது 90 மீட்டர். நிறத்துக்கு ஒன்றாக மூன்று காயில் வாங்கினால் மிச்சமெல்லாம் உன் வீட்டு மூலையில் முடங்கும் உன் பணம். வெட்டிக் கொடுக்கும் கடையிலோ மீட்டருக்கு விலை அதிகம். இவ்வளவும் முடிந்து டிபியைத் திறந்தால் இன்னொரு எம்சிபி வைக்க இடம் இராது. பழைய பைப்பில் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டால் பாதி வழியில் நின்றுவிடும். கட்டர் வைத்தவுடன் பூச்சு அகலமாகப் பெயரும். கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி, மூடி, கடைசியில் தூசியைக் கூட்டிக் கொடுக்கவும் வேண்டியிருக்கும். இத்தனைக்கும் நீ வைத்திருக்கும் விலை ஒரு பவர் பாயிண்டின் விலை!

ஆகையால் சின்ன வேலையில் நீ விற்பது பாயிண்டை அல்ல, உன் ஒரு நாளை. உன் நாள் கூலி 1,000 ரூபாய், உதவியாளின் கூலி 700 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள். பெட்ரோல், தேயும் பிளேடு, டிரில் பிட், இடம் பார்க்கப் போய்வந்த நேரம் ஆகியவற்றுக்கு 300 ரூபாய் சேர்த்தால், பொருள் நீங்கலாக உனக்கு ஆகும் அடக்கம் 2,000 ரூபாய். இதுவரை லாபம் ஒரு காசுமில்லை; உன் கூலி உன் உழைப்புக்கு ஈடேயன்றித் தொழிலின் லாபம் ஆகாது. வாங்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு லாபமாக நிற்க வேண்டுமானால் 2,500 ரூபாய் கேட்க வேண்டும். அடக்கத்தின்மேல் 20 சதவீதம் சேர்த்து 2,400 என்று எழுதுகிறவனுக்கு ஆறில் ஒரு பங்குதான் நிற்கும். வேலை மத்தியானத்தோடு முடிந்து, பிற்பகலுக்கு வேறு வேலை கிடைக்காது போனாலும் அந்த நாள் விற்றுப்போன நாளே. எனவே முழு நாள் விலை கேட்க முடியாத இடத்திலும் அரை நாள் கூலிக்குக் கீழே எந்த வேலைக்கும் விலை சொல்வதில்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, அதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடு. சொல்லக் கூச்சப்பட வேண்டியது இதில் ஒன்றுமில்லை.

"எதிர்த்த தெருக்காரன் பாதிக்குச் செய்கிறேன் என்கிறானே" என்று வீட்டுக்காரர் கேட்பார். அந்தப் பாதி விலையில் விட்டுப்போவது அநேகமாக எர்த் ஒயர்தான். விளக்கு எரியும், மெஷின் ஓடும். குறை இருப்பதாக யாருக்கும் தோன்றாது. கீஸரிலோ வாஷிங் மெஷினிலோ கசிவு உண்டாகி, ஈரக்கையோடு ஒரு குழந்தை அதைத் தொடும் நாளில்தான் அந்த மலிவின் கிரயம் தெரியவரும். இந்த விஷயத்தில் என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை: எர்த்தையும், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியையும், ஒயரின் கனத்தையும் பேரத்துக்கு உட்படுத்தலாகாது. விலையைக் குறைத்தே தீரவேண்டிய நிர்ப்பந்தம் வந்தால் வேலையின் முறையை எளிதாக்கிக் காட்டு. காடி வெட்டாமல் கேசிங் பட்டி அடித்து ஒயரைக் கொண்டுபோனால் கட்டரும் சிமெண்டும் ஒரு வேளைக் கூலியும் மிச்சமாகும். அழகு சற்றுக் குறையலாம், பாதுகாப்பு குறையாது.

கடைக்காரர் கொடுக்கும் கமிஷனைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். அதை நம்பிக் கூலியைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டுக்காரர் அறியாமல் அவருடைய பில்லிலிருந்து வருகிற பணம் உன் யோசனையை மெல்ல மெல்லக் கடைக்காரருக்கு அடிமையாக்கிவிடும். நல்ல ஒயர் எது என்று பார்ப்பதை விட்டு, எந்த ஒயருக்குக் கமிஷன் கூடுதல் என்று பார்க்கத் தொடங்குவாய். பொருளை நீயே வாங்கி, அதன்மேல் உன் பிரயாசைக்கு உரியதை எஸ்டிமேட்டில் வெளிப்படையாக எழுதி வாங்கு. அல்லது பொருளை அவரே வாங்கட்டும், கூலியை முழுதாக வாங்கு.

எஸ்டிமேட்டில் செய்வது இன்னது, செய்யாதது இன்னது என்று இரண்டையும் எழுத வேண்டும். காடியை சிமெண்ட் வைத்து மூடுவது உன் பொறுப்பு, வர்ணம் அடிப்பது அவர் பொறுப்பு என்ற ஒரு வரி எத்தனையோ மனஸ்தாபங்களைத் தடுக்கும். செம்பு விலை ஏறி இறங்குவதால் இந்த விலை 15 நாளைக்கு மட்டும் என்றும் குறித்துவிடு. பொருளுக்கான பணத்தை முன்னதாகவே வாங்கு.

இடம் பார்க்கப் போகும்போது இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரைக் கையோடு எடுத்துச் செல். பழைய ஒயரிங்கில் இன்சுலேஷன் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால், அதனோடு புது ஒயரை இணைப்பது உன் கையெழுத்துக்கும் உரிமத்துக்கும் ஆபத்து. அதைச் சீர்செய்யும் செலவைத் தனி வரியாக எழுதிக் காட்டு. அவர் சம்மதியாவிட்டால் வேலையை ஏற்காதே.

தொலைபேசியில் கேட்கிறவர்களுக்கு உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடு. நேரில் போய், டிபியைத் திறந்து, எர்த்தைச் சோதித்து, பிறகே விலையை எழுத்தில் கொடு. அடுத்து எழுதும் எஸ்டிமேட்டின் பிரதியை எனக்குத் தபாலில் அனுப்பு. பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

இங்ஙனம்,
அன்புள்ள மாமன்