ஆறாம் வகுப்புக்குப் பின் பசியாறல்



முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகக் கொடுக்கும் நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரை என்றே அமைக்கப்பட்டது. ஆறாம் வகுப்பில் கால் வைக்கும்போது பருவ வயதும் தொடங்குகிறது, பள்ளிக்கூடத்துக் காலைத் தட்டும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பொறுப்பு வீட்டுடையது.

மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய எரிபொருள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ். நாம் தூங்கும்போது ஈரல் தன் சேமிப்பிலிருந்து அதைக் கொடுத்து வருகிறது. இரவு 8.30-க்குச் சாப்பிட்ட பிள்ளை, பசியாறாமல் பள்ளிக்குப் போய் மதியம் 12.30-க்குச் சாப்பிட்டால் இடையில் 16 மணி நேரம். பிள்ளை மயங்கி விழாது, உடம்பு சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்தில் 12 முதல் 15 வயதுள்ள மாணவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் வெளியானது. பசியாறிய நாளில், கடினமான கவனச் சோதனையைப் பிழையின்றிச் செய்யும் திறன் காலை முழுவதும் நன்றாக நிலைத்தது. கணக்குப் பாடம் அந்த வேளையில்தானே வருகிறது!

"பக்கத்து வீட்டுப் பையன் எதுவும் சாப்பிடாமலேயே முதல் மார்க் வாங்குகிறானே" என்பவர்கள் உண்டு. அதற்கு ஜமைக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. காலை உணவைத் தவறவிட்டபோது பின்தங்கியவர்கள், ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு தெரியவில்லை. ஆக, ஏழை வீட்டுப் பிள்ளைக்கே இழப்பு அதிகம். நாம் நோட்டும் சீருடையும் கொடுப்பது அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தாலும் கவனமும் ஞாபகமும் தளரும். டீயும் ரஸ்க்கும் பசியாறல் ஆகாது. உணவோடு குடிக்கும் டீ, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். இட்லியோடு சாம்பார், அவித்த முட்டை, சுண்டல், கேழ்வரகுக் கூழ் எல்லாம் நம் அடுப்படியில் ஆகக்கூடியவைதாம்.

"காலையில் பசிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அது பொய் அல்ல. இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. இரவில் செல்போன் அதை இன்னும் தள்ளுகிறது. திட்டுவதைவிட, ஒரு வாழைப்பழமும் முட்டையும் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். முதல் இடைவேளையில் சாப்பிடட்டும்.

நோன்பை இதோடு குழப்ப வேண்டாம். ஸஹர் என்பதே விடியலுக்கு முந்தைய சாப்பாடு. அதைத் தவறவிட்டுத் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள்.

சுப்ஹுக்குப் பின் ஓத வரும் பிள்ளைகள் பலர் மக்தபிலிருந்து நேராகப் பள்ளி வேனுக்கு ஓடுகிறார்கள். கால் மணி நேரம் முன்னதாக முடிக்க முடியுமா என்று உஸ்தாதுமார்களிடம் கேட்டிருக்கிறோம். உங்கள் பிள்ளை எத்தனை மணிக்கு வேனில் ஏற வேண்டும் என்பதை அலுவலகத்தில் சொல்லிவிட்டால் நேரத்தை முடிவுசெய்ய உதவியாக இருக்கும்.