முதல் ஒப்பந்தம் போட்ட தம்பி தங்கைகளுக்கு

கால்பந்து கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஜெர்ஸியோடு எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றி முடிந்திருக்கும். இனி உங்களை வாட்டப்போவது ஒரே கேள்விதான்: "என்னை எப்போ இறக்குவாங்க?" மைதானத்திலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

1. எத்தனை மேட்ச் என்று எண்ணாதீர்கள். எத்தனை நிமிடம் என்று எண்ணுங்கள். 2024-25 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரின் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 24 ஆட்டங்கள், அதாவது 2,160 நிமிடம். இந்திய மகளிர் லீக்கில் அதே சீசனில் 14 ஆட்டங்கள்தான், 1,260 நிமிடம். "பன்னிரண்டு மேட்ச் ஆடிட்டேன் சார்" என்று ஒரு பையன் பெருமையாகச் சொல்வான். ஒவ்வொன்றிலும் கடைசி ஐந்து நிமிடம் என்றால் மொத்தமே ஒரு மணி நேரம். ஒரு முழு ஆட்டம்கூடத் தேறாது. ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள்: தேதி, எதிரணி, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் ஆடினீர்கள். பி டீம் ஆட்டத்தையும் உள்ளூர் லீக்கையும் சேர்த்தே எழுதுங்கள். வருடக் கடைசியில் ஆயிரத்தைத் தொடவில்லை என்றால் அடுத்த வருடம் எங்கே ஆடுவது என்று உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கணக்கு.

2. உங்கள் இடத்தில் யார் ஆடுகிறார் என்று பாருங்கள். 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2021-22 சீசனில் அதை நான்காகக் குறைத்தார்கள். கணக்குப்படி ஏழு இந்தியர்களுக்கு இடம் உண்டு. ஆனால் கிளப்புகள் அந்த நான்கு பேரைப் பெரும்பாலும் நடு வரிசையில்தான் நிறுத்துகின்றன: சென்டர் பார்வர்டு, நடுக்களம், சென்டர் பேக். ஆகவே பத்து வயதிலிருந்து ஸ்ட்ரைக்கராக ஆடியவனை விங்குக்குப் போகச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் போங்கள். இரண்டாவதாக ஓர் இடத்தைப் பழகியவனுக்குக் கூடுதல் நிமிடம் கிடைக்கும். தேசிய அணிக்கு ஸ்ட்ரைக்கர் பஞ்சம் வந்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அது கிளப்புகளிடம் பேச வேண்டியது. நீங்கள் அதற்காக உட்கார்ந்துவிடக் கூடாது.

3. சிவசக்தி நாராயணன் வந்த பாதையைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் கண்டனூர்ப் பையன். பெங்களூரு எஃப்சியில் சேர்ந்ததும் பெரிய அணியில் தூக்கி வைத்துவிடவில்லை. பி டீமில் ஆடினார். 2022-இல் இளையோருக்காகத் தொடங்கிய ரிலையன்ஸ் பவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக்கை அந்த அணி வென்றபோது கோல் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அதே வருடம் டியூராண்ட் கோப்பை இறுதியில், மும்பை சிட்டிக்கு எதிராக, பத்தாவது நிமிடத்தில் கோல் அடித்தார். பிறகு 2022-23 ஐஎஸ்எல்லில் என்ன நடந்தது தெரியுமா? சிவசக்தி தொடக்கத்திலிருந்தே ஆட, இந்தியக் கேப்டன் சுனில் சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்தார். 38 வயது, நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர். முணுமுணுக்கவில்லை. மாற்று வீரராக இறங்கி, பிளே ஆஃபில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராகவும் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மும்பைக்கு எதிராகவும் வெற்றிக் கோல் அடித்தார். அந்த சீசனின் சிறந்த வளரும் வீரர் விருது சிவசக்திக்கு. இளையவன் எப்படி இடம் பிடிக்க வேண்டும், பெரியவர் எப்படி இடம் விட வேண்டும் என்று ஒரே சீசனில் இரண்டையும் பார்த்தோம்.

4. பெஞ்சில் இருக்கும்போதும் வேலை இருக்கிறது. 2020-இல் கொரோனாவுக்காகக் கொண்டுவந்த ஐந்து மாற்று வீரர் விதி 2022 ஜூலை முதல் நிரந்தரமாகிவிட்டது. புதியவர்களுக்குக் கிடைத்த பெரிய கதவு அது. ஆனால் அது எப்படித் திறக்கும் தெரியுமா? நீங்கள் கார்னர் கொடிப் பக்கம் ஓடிக்கொண்டிருப்பீர்கள். உதவிப் பயிற்சியாளர் கையைக் காட்டுவார். ஓடிவந்து பிப்பைக் கழற்றும்போதே ஒரு தாளை முகத்துக்கு நேரே நீட்டுவார்: எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் நீ இந்த நம்பரைப் பிடி, நமக்குக் கிடைத்தால் பாக்ஸுக்கு வெளியே நில். முப்பது விநாடி. அந்த நேரத்தில் ஷின் கார்டைத் தேடும் பையன்களை இன்றைக்கும் பார்க்கிறேன். பயிற்சியாளர் அடுத்த முறை வேறொருவனைக் கூப்பிடுவார். ஷின் கார்டு முதல் விநாடியிலிருந்தே காலில் இருக்கட்டும். உங்கள் இடத்தில் ஆடுபவர் எதிரணி பேக்கிடம் எங்கே பந்தை இழக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். இறங்கியதும் முதல் மூன்று பாஸ் எளிதாக இருக்கட்டும்.

5. கீழே இறங்கி ஆடக் கூச்சப்படாதீர்கள். 2017 யு-17 உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக, பிஃபா உலகக் கோப்பைகளில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் ஜீக்சன் சிங். உடனே அவர் ஐஎஸ்எல்லுக்கு வரவில்லை. இண்டியன் ஆரோஸ் அணிக்காக ஐ-லீக்கில் வளர்ந்த ஆட்களோடு மோதிவிட்டு, 2019-இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக ஐஎஸ்எல்லில் இறங்கினார். இளைஞர்களுக்கு நிமிடம் கொடுக்கவென்றே இருந்த அந்த அணியை 2022-இல் கலைத்துவிட்டார்கள். பெரிய இழப்பு. இப்போது அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்: இரண்டாம் அடுக்கு லீக் கிளப்புக்கு லோனில் போவது, கொல்கத்தா லீக், சென்னை சீனியர் டிவிஷன், எதுவானாலும் சரி. பெரிய கிளப்பின் பெஞ்சை விடச் சின்ன கிளப்பின் 90 நிமிடம் மேல். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிஃபா விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் பொதுவாக இரண்டு கிளப்புக்குத்தான் போட்டியில் ஆட முடியும். ஜனவரியில் அவசரப்பட்டு லோன் கேட்கும் முன் யோசியுங்கள்.

6. கோல்கீப்பர்களுக்கு வேறு கணக்கு. இருப்பது ஒரே இடம். குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபேக்கில் சேர்ந்தார். லீக் ஆட்டத்தில் இறங்க 2016 ஆனது. காத்திருங்கள், ஆனால் தினமும் யாரிடம் கற்கிறீர்கள் என்று பார்த்துக் காத்திருங்கள்.

7. ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு அடுத்ததாக இதைக் கேளுங்கள்: என் இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பி டீம் எத்தனை ஆட்டம் ஆடும், லோனுக்கு விடுவீர்களா? ஏஜென்ட் கேட்கத் தயங்கினால் அப்பா அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

8. கடைசியாகப் பயிற்சியாளர்களுக்கும் கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வேலை நாலு தோல்வியில் போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 3-0 என்று முன்னிலையில் இருக்கும்போது 88-ஆவது நிமிடம் வரை அந்தப் பையனை உட்கார வைக்காதீர்கள். 60-ஆவது நிமிடத்திலேயே இறக்குங்கள். தவறு செய்தால் அடுத்த ஆட்டத்திலும் இறக்குங்கள்.