ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கைப்பம்பைக் கழற்றி எடுக்கும் முறை

கிராமத்துக் கைப்பம்பில் தண்ணீர் வரவில்லை என்றால், "மேலே தூக்கிப் பார்த்துவிடுங்கள்" என்று சொல்வது எல்லோருக்கும் எளிதாயிருக்கிறது. தூக்கும் வேலை அவ்வளவு எளிதன்று. வீடுதோறும் குழாய் இணைப்பு வந்துள்ள ஊர்களிலும், மின்சாரம் நின்ற நாளில் ஜனங்கள் குடத்துடன் தேடிப் போவது இந்தப் பம்பைத்தான். ஆகவே அதைக் கழற்றும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். கழற்றுகிறவர் மெக்கானிக்கே ஆனாலும், பக்கத்தில் நின்று மேற்பார்வையிடும் பொறுப்பு பஞ்சாயத்தினுடையது.

நமது ஊர்களில் பெரும்பாலும் காணப்படுவது இந்தியா மார்க் 2 என்னும் பம்பு. சோலாப்பூர் பம்பை முன்மாதிரியாகக் கொண்டு, யூனிசெப் ஸ்தாபனத்தின் உதவியுடன், 1970-ம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இது உருவாக்கப்பட்டது. இதில் தண்ணீரை மேலேற்றும் சிலிண்டர் கிணற்றின் ஆழத்தில், குழாய்களின் அடிமுனையில் இருக்கிறது. அந்தக் குழாய் 32 மில்லி மீட்டர் அளவுள்ளது. சிலிண்டரின் உள்விட்டமோ 63.5 மில்லி மீட்டர். சிலிண்டருக்குள் இருக்கும் வாஷரை மாற்ற வேண்டுமானாலும் அது குழாய் வழியே வராது. குழாய்கள் முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும். இந்தக் குறையைப் போக்குவதற்கே, கோயம்புத்தூர்ப் பகுதியில் 1983-ம் ஆண்டு தொடங்கிய பரிசோதனைகளின் பயனாக மார்க் 3 பம்பு வந்தது. அதில் பெரிய குழாய் உபயோகிக்கப்படுவதால் ராடுகளை மட்டும் உருவி வாஷரை மாற்றிவிடலாம். உங்கள் ஊர்ப் பம்பு எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, கழற்றத்தான் வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பம்பு நிமிடத்திற்கு 40 அடி அடித்தால் 12 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் தரும். குடத்தை வைத்து அளந்து பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். அரைமணி நேரம் ஓய்ந்திருந்த பம்பில் பல அடிகளுக்குப் பிறகே தண்ணீர் வந்தால், அடிவால்வு கசிகிறது, அல்லது குழாயில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று கொள்ளலாம். கைப்பிடி திடீரென்று இலேசாகி, தண்ணீரும் அறவே நின்றுவிட்டால், ராடு ஒடிந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். செயினும் பேரிங்கும் தேய்ந்தமையால் எழும் சத்தத்திற்காகக் குழாய்களைத் தூக்க வேண்டியதேயில்லை. அவை மேற்பகுதியிலேயே இருக்கின்றன.

தூக்கவேண்டிய பாரம் எவ்வளவு? குழாய் ஒன்றின் நீளம் 3 மீட்டர். எடை ஏறக்குறைய 10 கிலோ. 30 மீட்டர் ஆழத்திற்குப் பத்துக் குழாய்கள். ராடுகள், சிலிண்டர், குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 150 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். இவ்வளவு பாரத்தையும் ஒவ்வொரு இணைப்பின் போதும் தாங்கி நிற்பது ஒரு கிளாம்பு மாத்திரமே.

இதை அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. நான் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமத்தில் கிளாம்பு வந்து சேராமல், வடக்கயிற்றைக் கட்டிப் பம்பைத் தூக்கினார்கள். கோடைக் காலம், ஜனங்கள் காத்திருந்தார்கள், நானும் தடுக்கவில்லை. நான்காவது குழாயைக் கழற்றும்போது கயிறு நழுவி, மீதிக் குழாய்கள் அத்தனையும் கிணற்றுக்குள் போய்விட்டன. ஓர் இளைஞரின் விரல் நசுங்கியது. விழுந்த குழாய்களை எடுக்க முடியவில்லை. அந்தத் தெருப் பெண்கள் அடுத்த மழை வரை வயல் கிணற்றுக்கு நடந்தார்கள். கிளாம்பு வருவதற்கு ஒரு நாள் காத்திருந்தால் போதுமாயிருந்தது.

இனி முறையைப் பார்ப்போம். முதலில் முன்மூடியைத் திறந்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி, செயின் இணைப்புக்குக் கீழே தாங்கியைச் செருக வேண்டும். ராடுகளின் பாரம் தாங்கியில் உட்கார்ந்த பிறகே செயினைக் கைப்பிடியிலிருந்து விடுவிக்கலாம். தாங்கி இல்லாமல் விடுவித்தால் ராடுகள் சட்டென்று கீழே இறங்கிவிடும். பிறகு அச்சைத் தட்டி எடுத்துக் கைப்பிடியை உருவி, போல்ட்டுகளைக் கழற்றித் தலைப்பகுதியை இறக்கி வைக்கலாம். ராடைப் பிடியில் நிறுத்திச் செயினைக் கழற்றியபின், தண்ணீர்த் தொட்டியைச் சற்று உயர்த்தி, தொட்டிக்கும் பீடத்திற்கும் இடையே கிளாம்பைப் பொருத்த வேண்டும். குழாய் கிளாம்பில் உறுதியாகப் பிடிபட்டதா என்று பார்த்த பின்னரே தொட்டியைத் திருகி எடுக்க வேண்டும்.

இதன் பின்பு தூக்குச் சாவிகளைக் கொண்டு நான்கு பேர் ஒரே சீராகத் தூக்க, ஐந்தாமவர் கிளாம்பின் கைப்பிடியை விட்டு அகலாமல் இருக்க வேண்டும். அவர் வேறு வேலை பார்க்கக் கூடாது, பேச்சும் கூடாது. சாக்கெட்டுக்குக் கீழே கிளாம்பு இறுகிய பிறகு மேல் குழாயைத் திருகிச் சற்று உயர்த்தினால் ராடின் இணைப்பு தெரியும். கீழ் ராடைப் பிடியில் நிறுத்தாமல் மேல் ராடைக் கழற்றலாகாது. சாக்கெட்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே எவரும் விரல் வைக்கக் கூடாது.

முதல் குழாய் கழன்றதும் ஒன்றைக் கவனியுங்கள். கீழ்க் குழாயின் வாய்வரை தண்ணீர் நின்றால், அடிவால்வும் குழாய்களும் நன்றாயிருக்கின்றன, கோளாறு வாஷரில்தான். தண்ணீர் இறங்கிப் போயிருந்தால் வெளிவரும் ஒவ்வொரு குழாயிலும் துரு அரித்த ஓட்டையைத் தேட வேண்டும். குழாய்களை மண்ணில் போடாமல் மரக்கட்டைகள் மீது வரிசையாக அடுக்கி, எண்ணி, பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் வெளிவந்ததும் கயிற்றில் பாரம் கட்டி, நீர்மட்டத்தையும் கிணற்றின் ஆழத்தையும் அளந்துவிடுவது நலம். நீர்மட்டம் சிலிண்டர் இருந்த இடத்திற்குக் கீழே போயிருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை. ஆழமிருந்தால் குழாய்களைக் கூட்ட வேண்டும். மீண்டும் இறக்குமுன் மரைகளைக் கம்பித் தூரிகையால் துடைத்துக்கொள்ள வேண்டும். பொருத்தி முடித்தபின் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி ஓரிரவு விட்டு, வாடை போகும்வரை அடித்து வெளியேற்றிய பிறகே குடிக்க அனுமதிக்கலாம்.

சிலிண்டரைப் பழுதுபார்க்க நகரத்திற்கு எடுத்துச் செல்லும் இடைக்காலமே அதிக அபாயமானது. 2019-ம் ஆண்டு அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பல நாள் முயன்றும் உயிருடன் மீட்க முடியவில்லை. பம்பு பழுதுபார்க்கும் சமயத்திலும் கிணற்றைத் திறந்து வைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2010-ம் ஆண்டு வகுத்த நெறிமுறைகள் கூறுகின்றன. சாக்கும் முள்ளும் கல்லும் மூடியாகமாட்டா. இரும்புத் தகட்டைக் குழாய் வாயில் பற்றவைக்க வேண்டும், அல்லது போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். ஒரு மணி நேர வேலையானாலும் அப்படியே.

கிணறு வற்றிவிட்டது, பம்பு இனித் திரும்பாது என்று முடிவானால் அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கூழாங்கல் கொண்டு நிரப்ப வேண்டும். மேலே மட்டும் அடைத்தால் போதாது. நிரப்பிய மண் முதல் மழையில் இறங்கும். அப்போது மறுபடியும் மண்ணிட்டு மட்டஞ் செய்வதற்கு ஒருவரை இன்றே நியமித்து, அவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.