மாயை என்னும் சொல்

'எல்லாம் மாயை' என்ற வாக்கியம் நம் நாட்டில் மிக எளிதாகச் சொல்லப்படுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஆறுதலாகச் சொல்கிறார்கள். வாசலில் பசித்து நிற்பவனைக் கடந்து செல்லும்போது தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார்கள். சாஸ்திரங்கள் இச்சொல்லை இந்தப் பொருளில்தான் ஆண்டனவா?

ரிக்வேதத்தில் மாயை பெரும்பாலும் ஓர் ஆற்றலையே குறிக்கிறது; வியத்தகு அறிவு, உருவங்களைப் படைக்கும் திறன். இந்திரன் தன் மாயைகளால் பல வடிவங்கள் கொள்கிறான் என்கிறது ஆறாம் மண்டலம். அங்கே அச்சொல் பன்மையில் வருவதைக் கவனிக்க வேண்டும். வருணனுக்கும் மாயை உண்டு, அசுரர்களுக்கும் உண்டு. அவர்களிடம் அது வஞ்சனையாகிறது. வேதச் சொற்களைத் தொகுத்த நிகண்டு, அறிவைக் குறிக்கும் பெயர்களின் வரிசையிலேயே மாயையைச் சேர்த்துள்ளது. அளத்தல் என்னும் பொருளுடைய 'மா' என்ற வினைப்பகுதியிலிருந்து வந்தது என்று கொண்டு, அளவற்றதை அளவுக்கு உட்படுத்திக் காட்டுவது என விளக்குவர். 'யா மா', அதாவது எது இல்லையோ அது, என்று சொல்லைப் புரட்டிப் பொருள் கூறுவதும் உண்டு. பிரசங்கத்திற்கு அது சுவை சேர்க்கும். சொல்லின் பிறப்பை அது காட்டாது.

சுவேதாசுவதர உபநிஷதம் (4.10) மாயையைப் பிரகிருதி என்றும், மாயையை உடையவனை மகேசுவரன் என்றும் கூறுகிறது. கீதையில் (7.14) பகவான் அதைத் தம்முடைய தெய்விக மாயை, முக்குணமயமானது, கடத்தற்கரியது என்கிறார். இச்சொல் பொய்யைக் குறிப்பதன்று, விசித்திரமான படைப்பைச் செய்வதையே குறிக்கிறது என்பது ஸ்ரீராமானுஜரின் உரை. சைவ சித்தாந்தத்திலும் மாயை உள்பொருளே. உடலும் கருவிகளும் உலகமும் நுகர்பொருள்களும் அதிலிருந்தே தோன்றுகின்றன. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும்வரை உதவும் விளக்காக அதைக் கூறுவர்.

அப்படியானால் உலகம் இல்லை என்றவர் சங்கரர்தானே எனக் கேட்கலாம். இங்கேதான் நிதானம் தேவை. பிரம்ம சூத்திரம் முழுவதிலும் மாயை என்ற சொல் ஒரே ஓரிடத்தில்தான் (3.2.3) வருகிறது; அதுவும் கனவைப் பற்றி. உறங்குபவனின் உடலுக்குள் தேருக்கும் குதிரைக்கும் இடம் ஏது என்று கேட்கும் சங்கரர், கனவு நாள்தோறும் பொய்யாகிறது, ஆகாயம் முதலான இந்தப் பிரபஞ்சமோ பிரம்ம ஞானம் உதிக்கும்வரை நிலைபெற்றிருக்கிறது என்று வேறுபடுத்துகிறார். வெளிப்பொருள்களே இல்லை, எண்ணங்கள் மட்டுமே உண்டு என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை மறுக்கும்போதும் (2.2.28-29), நனவு கனவைப் போன்றதன்று என்றே வாதிடுகிறார். உலகத்தை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுபவர்கள் இப்பகுதியைப் படிப்பதில்லை போலும்!

முயற்கொம்பை எவரும் எங்கும் கண்டதில்லை. கிளிஞ்சலில் தோன்றும் வெள்ளி அப்படிப்பட்டதன்று. அது தோன்றுகிறது, நாம் குனிந்து எடுக்கவும் செய்கிறோம், கிளிஞ்சல் தெரிந்ததும் மறைகிறது. உண்மையில் உள்ளதாயின் மறைந்திராது. அறவே இல்லாததாயின் தோன்றியே இராது. ஆகவே அதை 'அநிர்வசனீயம்', இன்னதென்று சொல்ல இயலாதது, என்றனர் அத்வைதிகள். கிளிஞ்சல்வெள்ளி பிராதிபாசிகம், அன்றாட உலகம் வியாவகாரிகம், பிரம்மம் பாரமார்த்திகம் என மூன்று தளங்களையும் வகுத்தனர். பசி வியாவகாரிகம், அதைத் தீர்க்கும் சோறும் வியாவகாரிகம். பாரமார்த்திக வாக்கியம் ஒன்றை எடுத்துவந்து பசித்தவன்முன் வைப்பது தளங்களைக் குழப்புவதாகும். அப்படிச் சொல்பவர் தம் வயிற்றிடம் அதைச் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் மாயையைப் பெரும்பாலும் 'இல்யூஷன்' என்று எழுதுகிறார்கள். விளையாடுதல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. ஏளனம் செய்தல், ஏமாற்றுதல் என்பவை அதன் பழம்பொருள்கள். கண்ணின் பிழையும் செப்படிவித்தையும் அதற்குள் அடங்கும்; மகேசுவரனின் சக்தி அடங்காது. 1896-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் இந்த மொழிபெயர்ப்பு சரியன்று என்றார். மாயை ஒரு கொள்கைகூட அன்று, நாம் எவ்வாறு இருக்கிறோம், நம்மைச் சுற்றி எதைக் காண்கிறோம் என்ற உண்மை நிலையின் கூற்று என்பது அவரது விளக்கம். தன்னை அடித்துத் துன்புறுத்தும் மகனையும் விடமுடியாமல் பற்றிக்கொண்டிருக்கும் தாயை அதற்கு உதாரணம் காட்டினார். அச்சொற்பொழிவுகளைத் தமிழாக்கும்போது இரு சொற்களுக்கும் 'மாயை' என்றே எழுதினால் அவர் மறுத்ததும் நிறுவியதும் ஒன்றாகிவிடும். ஆதலால் ஆங்கிலச் சொல்லுக்குப் 'பொய்த்தோற்றம்' என்று எழுதி, மாயையை மாயையாகவே விடுவது நலம்.

ஸ்ரீராமகிருஷ்ணர் மாயையையும் தயையையும் பிரித்துக் காட்டினார்: நம்மவர் என்று சுற்றத்தார்மீது வைக்கும் பற்று மாயை, எல்லா உயிர்களிடமும் கொள்ளும் அன்பு தயை. அவருடைய அண்ணன் மகன் அட்சயன் இறந்த வரலாறு பலரும் அறிந்ததே. உயிர் பிரிவதை, உறையிலிருந்து வாள் உருவப்படுவதைப்போல அவர் நின்று பார்த்தார், துயரமே எழவில்லை. மறுநாளோ, ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவதுபோல நெஞ்சு பிழியப்பட்டது. 'எனக்கே இப்படியென்றால் இல்லறத்தார் எவ்வளவு தவிப்பார்கள்!' என்று எண்ணினார் அவர்.