கல்லச்சுப் படமும் கதைப்பாட்டும்



பழைய பாரசீகக் கிதாபுகளிலிருந்து கிழித்தெடுத்த படங்களைச் சட்டம் போட்டு விற்பதை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அந்தச் சரக்கு இன்னதென்று பெரும்பாலும் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. கல்லச்சு என்பது யாது?

ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் 1796 தொடங்கிக் கண்டறிந்த முறை இது. சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதக் காகிதமில்லாமல், பக்கத்திலிருந்த கல்லில் எழுதியபோதுதான் யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் எழுதி, கல்லை நனைப்பார்கள். பிறகு அச்சு மை தடவினால், எழுதிய இடத்தில் மட்டும் பிடிக்கும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற சமையலறைப் பாடமே இதற்கு அடிப்படை.

2. நம்மவர் ஏன் விரும்பினர்?

ஈய எழுத்து அச்சில் அரபு எழுத்தைத் துண்டு துண்டாகக் கோக்க வேண்டும். கல்லச்சிலோ காத்திபின் கையெழுத்து அப்படியே விழும். அதே கல்லில் ஓவியர் படமும் வரையலாம். பாட்டும் படமும் ஒரே கல்லில் பிறந்தவை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

ஈரானில் படங்களோடு வந்த முதல் கல்லச்சுக் கிதாபு, மக்தபி என்னும் கவிஞரின் லைலா மஜ்னூன். 1843ல் தப்ரீஸ் நகரில் அச்சானது. ஃபிர்தௌசியின் ஷாநாமா 1846ல் நம் பம்பாயிலேயே படங்களோடு வெளிவந்தது. ஹிஜ்ரி 1264ல் டெஹ்ரானில் நிஜாமியின் கம்ஸா அச்சாயிற்று. அதற்குப் படம் வரைந்தவர் மீர்ஜா அலீ குலீ கூயீ.

3. ஏட்டைக் கிழித்தால் என்ன போகிறது?

ஷாநாமாவில் ருஸ்தம் தன் மகனென்று அறியாமல் சுஹ்ராபைப் போரில் குத்திவிடுகிறான். சாகும் நேரத்தில் மகன் கையில் கட்டிய மணியைக் காட்டுகிறான். பிறக்கப் போகும் பிள்ளைக்கென்று ருஸ்தம் தாயிடம் கொடுத்துச் சென்ற மணி அது. படத்தைச் சுற்றியுள்ள பாட்டை வெட்டிவிட்டால், கண்ணுக்குத் தெரிவது இரண்டு வீரர்கள் மட்டுமே. தகப்பனும் இல்லை, மகனும் இல்லை. மேலும் காத்திபின் பெயர், அச்சகம், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவை பெரும்பாலும் கடைசி ஏட்டில் இருக்கும். கிதாபு சிதறினால் அந்த ஊர் பேரும் போயிற்று.

4. நமக்கு அருகில்

செடெனாக்கிலிருந்து தெற்கே போய் ஜலசந்தியைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே கம்போங் கிளாமில் 19ஆம் நூற்றாண்டில் ஜாவி எழுத்துக் கல்லச்சகங்கள் பல நடந்தன. அரபும் தமிழும் கலந்த குடும்பத்தில் பிறந்த முன்ஷி அப்துல்லாவின் ஹிகாயத் அப்துல்லா 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வந்தது. தொடக்கப் பக்கங்களில் வண்ண அலங்காரமும் உண்டு. 1830ல் சிங்கப்பூரில் பிடித்த தீயை ஷாயிர் என்னும் கதைப்பாட்டாக எழுதியவரும் அவரே. அரபுத்தமிழ்க் கிதாபுகளிலும் பல கல்லச்சில் வந்தவை. நம் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கலாம்.

5. வியாபாரி கவனிக்க

(அ) பூதக்கண்ணாடியால் பாருங்கள். வரிசை வரிசையாக ஒரே சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்காலத்து மறுபதிப்பு. பழைய கல்லச்சில் கோடு முழுக்கோடாக ஓடும்.

(ஆ) மறுபதிப்பை மறுபதிப்பு என்றே சொல்லி விற்க வேண்டும். சரக்கின் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் ஹராம்.

(இ) முழுக் கிதாபைப் பிரித்து ஏடு ஏடாக விற்காதீர்கள், வாங்கவும் வேண்டாம். லாபம் கூடத் தெரியும். ஆனால் ஒரு முறை பிரித்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

(ஈ) ஒட்டுநாடா ஒட்டுவதும் லாமினேட் செய்வதும் கூடாது. இந்நாட்டு ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. தரையிலும் சுவரோரத்திலும் வைக்காமல், காற்றோட்டமான அலமாரியில் வைத்து அடிக்கடி பூச்சி பாருங்கள்.

(உ) நபிமார்களின் உருவம் வரைந்த ஏடு கைக்கு வந்தால், முதலில் ஓர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன கிதாபைப் பழைய காகிதமென்று எடைக்குப் போடுமுன், கடைசி ஏட்டைத் திறந்து ஆண்டைப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் மதரஸா உஸ்தாதிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வஸ்ஸலாம்.