ஆஸ்பத்திரிக்குப் போய் நோயோடு திரும்பலாமா?



நோய் தீரத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கேயே இன்னொரு நோய் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது? கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் தாண்டிப் போனால் வருகிற வாணியம்பாடியில் இப்படி நடந்திருக்கிறது. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

என்ன நடந்தது?

2022–23-ல் அங்கே ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். பல்லுக்காகப் போனவர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. பேச்சு குழறியது, பார்வை மங்கியது, முகவாதம் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். முடிவு 2025-ல் வெளியானது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமி மூளையைத் தாக்கியிருந்தது. அந்த நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர்.

காரணம் ஒரு சலைன் பாட்டில். சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தைச் சும்மா மூடிவைத்து அடுத்த நோயாளிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாட்டிலுக்குள் போன கிருமி ஒருவர் பின் ஒருவராக வந்தவர்களுக்கெல்லாம் போய்விட்டது. ஒரு பாட்டிலை மிச்சம் பிடித்ததில் எத்தனை குடும்பம் அழிந்தது, பாருங்கள்!

நாம் கவனிக்க வேண்டியவை

1. ஊசியும் சிரிஞ்சும் நம் கண் முன்னே புதுக் கவரைப் பிரித்து எடுக்கப்பட வேண்டும். ஊசியை மட்டும் மாற்றி, சிரிஞ்சு பழசு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் இப்படித்தான் பரவுகின்றன.

2. "ஊசி போட்டாத்தான் உடம்பு சரியாகும்" என்ற எண்ணத்தை விடுவோம். மாத்திரை போதும் என்றால் மாத்திரையே நல்லது. படிக்காத போலி டாக்டரிடம் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளவே கூடாது.

3. தொடுவதற்கு முன் டாக்டரும் நர்சும் கை கழுவ வேண்டும். "கை கழுவிட்டீங்களாம்மா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். அதில் தப்பே இல்லை.

4. பிரசவம் பார்க்கப் போனால் கூட்டமாகப் போக வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். சளி, இருமல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள். தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதையும் வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிகளில் துப்புரவு வேலைக்கும் ஆயா வேலைக்கும் போகிற பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். எல்லை தாண்டி பெங்களூருக்குப் போகிறவர்களும் உண்டு. முதல் ஆபத்து இவர்களுக்குத்தான். ரத்தம் பட்ட பஞ்சு, துணி மஞ்சள் பையில் போக வேண்டும். டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்புப் பையில் போக வேண்டும். ஊசி, பிளேடு குத்த முடியாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதி இது. பையில் கை விட்டு அமுக்காதீர்கள்.

ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. "சொன்னா வேலை போயிடுமோ" என்று பயந்து மறைத்தால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி 3 தவணை. உறையும் தடுப்பூசியும் கேட்டு வாங்குவது நம் உரிமை.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் ஊசி போடுகிறவர் படித்த டாக்டர்தானா?
• நம் குழுவில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? எல்லோரும் தடுப்பூசி போட்டாயிற்றா?

சந்தேகமோ புகாரோ இருந்தால் 104-க்குப் போன் செய்யலாம். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் குழுவாகப் போய்க் கேட்போம். பேங்கில் லோன் கேட்கப் பழகிய நமக்கு இது பெரிய காரியமா?