நூற்றிருபதுக்கு எண்பது

அன்புள்ள மருமகளுக்கு,

முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கத்து மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்காக நீ தயாரித்த பயிற்சிக் கையேடு வந்து சேர்ந்தது. பதினான்காம் பக்கம் வரை சந்தோஷமாகப் போன வாசிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு மாதிரிப் பதிவேடு. பத்துப் பேருக்குப் பத்து அளவு: 120/80, 130/80, 140/90, மறுபடியும் 120/80. ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாம் பூஜ்யத்தில் முடிகின்றன. அந்தப் பெண்கள் பையில் கொண்டுபோகிற பிரஷர் மெஷின் 137 காட்டும், 83 காட்டும். பத்து வீட்டிலும் பூஜ்யம் காட்டவே காட்டாது. திண்ணையில் உட்கார்ந்து அளக்காமல் நிரப்பினால்தான் இப்படி வரிசையாக விழும். பொய்க்கணக்கு எப்படி இருக்கும் என்பதை நீயே அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறாய்.

இதற்கா இவ்வளவு கோபம் என்று தோன்றும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளம் குழந்தையை வீட்டிலேயே பராமரிக்கப் பழக்கினார்கள். மூன்றாம் ஆண்டில், ஒப்பிட எடுத்த மற்றக் கிராமங்களைவிட அங்கே பச்சிளம் சிசு மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. பிறப்பையும் இறப்பையும் ஒன்றுவிடாமல் குறித்துவைத்ததால்தான் உலகம் அந்தப் பெண்களை நம்பியது.

அடுத்தது நாற்காலி. 'பயனாளியை நாற்காலியில் அமரவைத்து அளக்கவும்' என்கிறது கையேடு. முக்கூடலில் பீடி சுற்றுகிற வீட்டுக்குள் நுழைந்து பார். தரையில் கால் நீட்டி, மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலையும் தூளும். அன்றைய கணக்கு முடியாமல் அவள் எழுந்திருக்க மாட்டாள். ஒரு கையை மட்டும் நீட்டி, மறு கையால் இலையைத் திருப்பிக்கொண்டே "சீக்கிரம் பாருங்க மதினி" என்பாள். கையை மடியில் வைத்து அளந்தால் மேல் அளவு ஏறக்குறைய 4 புள்ளி கூடும், தொங்கவிட்டால் 6 புள்ளிக்கு மேல் கூடும் என்று 2024-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சுளகை இறக்கி வைக்கச் சொல்லி, சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுக்காமல் இருந்து, கைக்கு அடியில் தலையணையை நெஞ்சு உயரத்துக்கு வைத்து அளப்பது எப்படி? அதற்குத்தான் ஒரு பக்கம் வேண்டும்.

'பயனாளி' என்ற சொல்லையும் எடுத்துவிடு. தன்னார்வலருக்கு அவள் மதினி, சித்தி, ஆச்சி. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, சுய உதவிக் குழுப் பெண்களைத் தேடிப் பிடித்ததே அந்த உறவுமுறைக்காகத்தான்.

1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தது. ஊர்ப் பணியாளர் ஏழை வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும், ஆனால் அவள் பிள்ளை ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று பார்த்து எடுத்தார்கள். அந்த நாளில் செவிலியாக இருந்த எனக்கு அப்படிப்பட்ட ஒருத்தி பழக்கம். எடை போட்டால் கண்ணு பட்டிரும் என்று தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். அவள் தர்க்கம் பண்ண மாட்டாள். தன் குண்டுப் பையனைத் தராசுத் துணியில் முதலில் போட்டு, எடையை உரக்கச் சொல்லி, திருஷ்டியும் சுற்றிப் போடுவாள். பிறகு வரிசை நிற்கும். இது எந்தக் கையேட்டிலும் இருந்ததில்லை; கூட வேலை பார்த்தவர்கள்தான் அவளிடம் படித்துக்கொண்டார்கள். உன் கையேட்டில் தன்னார்வலருக்குச் சொல்லித்தர நாற்பது விஷயம் இருக்கிறது, அவளிடம் கேட்டுக்கொள்ள ஒன்றுகூட இல்லை.

ஆய்க்குடிக்கு ஒருநாள் போய்வா. கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்திலிருந்து, உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டுக்கே போகிறார்கள். ஒரு தாயின் பாயில் அவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதைக் கவனி.

இருபத்திரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனசு வரவில்லை. மாத்திரை அட்டையில் ஒட்ட நீ வரைந்திருக்கிற படங்கள்! காலை மாத்திரைக்கு உதிக்கிற சூரியன், இரவு மாத்திரைக்கு எரிகிற விளக்கு. எழுத்துத் தெரியாத ஆச்சியும் தப்பாமல் எடுத்துப் போடுவாள். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு பக்கம் பார்த்ததில்லை. அதை மட்டும் தனியாக அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுக்கலாம்.

பதினான்காம் பக்கத்தை வெறும் கட்டங்களாக விட்டுவிடு. பயிற்சி நாளில் அவர்களே ஒருவருக்கொருவர் அளந்து, மெஷின் காட்டுகிறதை அப்படியே நிரப்பட்டும்.

அன்புடன்,
உன் அத்தை